ஈரான் வராத வருஷம்

போட்டியின் வரலாற்றை நான்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டீர்கள். செயலாளர் மகள் ஆயிற்றே, அவளுக்குத் தெரியாததா என்று கை காட்டிவிட்டு, வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கொரு கும்பிடு பொம்மை போட்டு ஒதுங்கிக்கொண்டீர்கள். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலும் இப்படித்தான். பந்து சாக்கடையில் விழுந்தால் எடுக்கிற வேலை என் தலையில்தான் விழும். சரி, எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இருக்காது. நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில் எதையும் பூசி மெழுகி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

முதலில் நம் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம். ஒர்க்‌ஷாப் மதில் ஓரத்தில் ஒரு சிமெண்ட் மைதானம் இருந்தது, அதில் வருஷா வருஷம் பொங்கலை ஒட்டி நாலைந்து நாட்டு டீம்கள் வந்து பாஸ்கெட்பால் ஆடின என்று சொன்னால் என் மகன் சிரிக்கிறான். லாலாகுடாவுக்கா, ஃபாரின் டீமா என்கிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஒரு போட்டோகூட நம்மிடம் ஒழுங்காக இல்லை.

அது ஆரம்பித்ததே ஒரு விபத்து போலத்தான். நாம் பிறப்பதற்கு வெகு முன்னால், கொழும்பிலிருந்து வந்த ஒரு டீம் வடக்கே எங்கோ விளையாடப் போய்க்கொண்டிருந்ததாம். வழியில் வெள்ளம், தண்டவாளம் போய்விட்டது. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து செகந்திராபாத்தில் நிறுத்தினார்கள். மூன்று நாள் பிளாட்பாரத்தில் கிடந்தவர்களை, நம் ஒர்க்‌ஷாப் ஆட்கள் குவார்ட்டர்ஸுக்கு அழைத்துவந்து சோறு போட்டார்கள். சும்மா இருக்க முடியாமல் ஒரு மேட்ச் ஆடினார்கள். நம் ஆட்கள் படுதோல்வி. அந்த ரோஷத்தில், அடுத்த வருஷம் வா பார்க்கலாம் என்று கடிதம் போட, அவர்கள் உண்மையிலேயே வந்துவிட்டார்கள். பிறகு மலேசியா, வங்காளதேசம், ஈரான் என்று கூட்டம் சேர்ந்தது. இதைச் சொன்னவர் அப்பா. அவர் சொன்னதில் எவ்வளவு உண்மை என்று இப்போது எனக்குத் தெரியாது.

லாட்ஜில் தங்க வைக்கும் வசதி அன்றைக்கு இல்லை. அதனால் வீடுகளில் தங்க வைத்தார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு லைன் வீடுகளுக்கு ஒரு நாடு. உங்களில் பாதிப் பேர் மலேசியா லைன். அவர்களுக்குத் தமிழ் பேசுகிற ஆட்களே வந்துவிடுவார்கள், கொடுத்து வைத்தவர்கள். எங்கள் லைனுக்கு ஈரான். வீட்டுக்கு இரண்டு பேர். முன்னறையைக் காலி செய்து அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் சமையலறையில் நெருக்கியடித்துப் படுப்போம்.

ஈரான்காரர்களின் உயரத்துக்கு ரயில்வே கட்டில் போதாது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெளியே தொங்கும். அதற்காக எதிர்வீட்டு கார்பெண்டர் மாமா, கோச்சில் கழித்துப்போட்ட தேக்குப் பலகையில் கட்டிலோடு மாட்டுகிற கால்பலகை செய்வார். இரண்டு கொக்கி, ஒரு முட்டுக்கட்டை, அவ்வளவுதான். போட்டி முடிந்ததும் கழற்றிப் பரணில் போட்டுவிடுவோம். வருஷம் முழுக்க அந்தப் பரணிலிருந்து பாலிஷ் வாசனை வரும். கார்பெண்டர் மாமாவுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. அவருக்கு உருது நன்றாக வரும், அதனால் பாரசீகமும் வரும் என்று அவரே தீர்மானித்துக்கொண்டிருந்தார். "தோஸ்த், நான் ரொட்டி, பனீர், சப்ஜி, எல்லாம் ஒண்ணுதான்டி. மிச்சத்தைக் கையில காட்டிட்டா போச்சு" என்பார். அவர்களும் தலையாட்டிக்கொண்டே வெந்நீர் கேட்டு வேறு எதையோ வாங்கிக்கொண்டு போவார்கள்.

எங்கள் வீட்டில் மூன்று வருஷம் தொடர்ந்து தங்கியவர் அவர்களுடைய கேப்டன். பால் விடாத டீயை, கற்கண்டுக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடிப்பார். தன் டீ பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று முதல் வருஷம் அம்மா அழாத குறை. ஆனால் தயிரை எதில் வேண்டுமானாலும் ஊற்றிக்கொண்டு சாப்பிடுவார், அதில் அம்மா மனசு ஆறிவிட்டது. ஓட்டோடு கூடிய பிஸ்தாவை நான் முதலில் பார்த்தது அவர் பையில்தான். ஓட்டையும் சேர்த்துக் கடித்து என் பல் ஓரம் பெயர்ந்தது, இன்றும் நாக்கால் தடவினால் தெரியும்.

அப்பா ஒர்க்‌ஷாப் டைம் ஆபீஸில் கிளார்க். போட்டிக்கும் குவார்ட்டர்ஸ் விளையாட்டுக் கழகத்துக்கும் அவர் கௌரவச் செயலாளர். ஆபீஸில் அவரை யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள், ஆனால் தசராவிலிருந்து பொங்கல் வரை அவர் ராஜா. ரயில்வே கிளப்பான இன்ஸ்டிடியூட்டின் டைப்ரைட்டரில் ஒவ்வொரு நாட்டுக்கும் அவரே கடிதம் அடிப்பார். பதில் வந்த கவரை ஸ்டாம்ப் கிழியாமல் நீராவியில் காட்டிப் பிரிப்பார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று லைன் முழுக்க நம்பியது. நானும் நம்பினேன், மற்றவர்களைவிட அதிகமாகவே.

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன். உலகத்துக் கம்ப்யூட்டர் எல்லாம் இரண்டாயிரத்தில் நின்றுபோகும் என்று பேப்பர்காரர்கள் பயமுறுத்திக்கொண்டிருந்த வருஷம். நம் அண்ணன்மார் எல்லாம் அமீர்பேட்டைக்கு பஸ் ஏறி ஜாவா படிக்கப் போனார்கள். அந்தப் பொங்கலுக்கு, ஃபைனலுக்கு முன்னால் பெண் பிள்ளைகள் மேட்ச் ஒன்று வைப்பதாக அப்பா அறிவித்தார். போட்டியின் சரித்திரத்திலேயே முதல் தடவை. உங்களில் ஏழு பேர் அந்த டீமில் இருந்தீர்கள், நினைவிருக்கும். விடியற்காலைக் குளிரில் குரங்குக் குல்லாவோடு வந்து நின்றீர்களே, அதை மறக்க முடியுமா.

அந்த டீமில் இடதுகைக்காரிதான் உயிர். மலேசியா லைன் கோடி வீடு. அவளுடைய அப்பா ஒர்க்‌ஷாப்பில் வேலை செய்தபோதே செத்துப்போனவர். அம்மா ரயில்வே ஆஸ்பத்திரியில் ஆயா. பந்து அவள் கைக்கு வந்தால் எதிரே நிற்பவள் வலப்பக்கம் பார்ப்பாள், இவள் இடப்பக்கமாக நழுவியிருப்பாள். நாங்கள் எல்லாம் விளையாட்டுக்கு ஆடினோம். அவள் அப்படி ஆடவில்லை. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் படிப்பு, சாப்பாடு எல்லாம் சர்க்கார் பார்த்துக்கொள்ளும், பிறகு விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வேயில் வேலை. அவள் அம்மாவுக்கு இது மனப்பாடம். ஆஸ்பத்திரியில் வருகிற நோயாளிகளிடம்கூடச் சொல்லுவாராம்.

தீபாவளி முடிந்த வாரம் அந்த ஹாஸ்டலுக்கு செலக்‌ஷன் வைத்தார்கள். எனக்கும் அவளுக்கும் பி.டி. சார் ஃபாரம் கொடுத்தார். விளையாட்டுக் கழகச் செயலாளர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். செயலாளர் யார், எங்கள் அப்பாதான். சாப்பிடும்போது நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் தண்ணீர்ச் சொம்புக்கு அடியில் வைத்தார்.

"இன்னாத்துக்கு அங்க போயி வெயில்ல நிக்கணும்? செலக்டருங்க எல்லாம் நம்ம ஃபைனலுக்கே வர்றாங்க. உங்க மேட்சை உட்கார்ந்து பார்ப்பாங்க. அங்க ஆயிரம் பேர்ல ஒருத்தி. இங்க நீங்க பத்துப் பேரு. யோசிச்சுப் பாரு."

நான் யோசிக்கவே இல்லை. அப்பா சொல்லிவிட்டார். அடுத்த நாள் இடதுகைக்காரி தயங்கினாள். அவளுக்கு அம்மாவின் முகம் நினைவுக்கு வந்திருக்கும். நான்தான் விடாமல் பேசினேன். செலக்டர்கள் வருகிறார்கள், முன் வரிசையில் நாற்காலி போடுகிறார்கள், எங்கள் அப்பாவே சொன்னார் என்று அள்ளிவிட்டேன். கடைசியில் அவள் சிரித்துவிட்டாள். "ஹவ், நாயனா சொல்லிட்டார்னா கைக்கு போறது? நக்கோ" என்றாள். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஆமா, உன் அப்பாவே சொன்ன பிறகு எதற்குப் போவது, வேண்டாம் என்று அர்த்தம். ஃபாரத்தை மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொண்டாள். செலக்‌ஷன் நாளன்று நாங்கள் இருவரும் இங்கே மைதானத்தில் கோட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு ஒரு மாதம், வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை என்றே சொல்வேன். சாயந்திர சைரன் ஊதியதும் மைதானம். தகரத்தில் எண் எழுதி ஆணியில் மாட்டுகிற ஸ்கோர் போர்டை இறக்கித் துடைத்தோம். அம்மா பச்சைத் துணி எடுத்து, தையல் மெஷினில் எங்களுக்கு பனியன் தைத்தாள். முதுகில் நம்பர் வெள்ளைத் துணியில். கார்பெண்டர் மாமா பழைய கால்பலகைகள் செல்லரித்துவிட்டன என்று புதிதாக எட்டு செய்தார். அதற்காக லீவு வேறு போட்டார். "இந்த வாட்டி அவங்க கேப்டன் நல்லா காலை நீட்டிப் படுக்கட்டும், பாபம்" என்று சொல்லிச் சொல்லி இழைத்தார். அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஃபைலை எடுத்துக்கொண்டு எங்கோ போய் வந்தார். போட்டி வேலை என்று நினைத்தோம்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயந்திரம். நான் முன்னறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கார்பெண்டர் மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். எப்போதும் அப்பாவை அண்ணா என்று கூப்பிடுகிறவர்.

"இன்னா செகரட்டரி சார், சௌக்கியமா?"

அப்பா எழுந்து நின்றார். மாமா குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"பலகைக்கு எடுத்த மரத்துக்குப் பர்மிஷன் சீட்டு வாங்கப் போனேன். ஆபீஸ்ல சிரிக்கிறானுங்க. மேட்சே இல்லாத மேட்சுக்குக் கட்டில் பலகையான்னு. கேன்சல் லெட்டர் தசராவுக்கு முன்னாடியே வந்திடுச்சாமே? செலவு ஏத்துக்கிட்ட கம்பெனி கையைக் கழுவிடுச்சாமே? ஃபாரின் டீமைக் கூப்பிட மேல பர்மிஷனும் இல்லையாமே? உண்மையா பொய்யா, அதை மட்டும் சொல்லு."

அம்மா சமையலறைக்குள் போனாள். மளிகை அலமாரியில் விரித்திருந்த பேப்பரைத் தூக்கி, அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரை எடுத்துவந்து மாமாவின் எதிரே வைத்தாள். கவர் இருக்கும் இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் அத்தனை நாளும் பனியன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுபோச்சுன்னு யாரு சொன்னது?" என்றார் அப்பா. "நான் சும்மா இல்ல. புதுசா வந்திருக்கிற சாஃப்ட்வேர் கம்பெனிங்க ஒண்ணு விடாம ஏறி இறங்கிகினு இருக்கேன். மாதாப்பூர்ல ஒருத்தர் பதில் சொல்றேன்னிருக்கார். ஒருத்தன் ஏத்துக்கிட்டா போதும், பர்மிஷன் தானா வரும். இப்பவே வெளிய சொன்னா எல்லாம் கலைஞ்சிடும்."

"எட்டு பலகைண்ணா" என்றார் மாமா. கோபத்தில்கூட அவர் வாயில் பழைய அண்ணா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது, அன்றைக்கு எல்லார் முன்னாலும் நீயே சொல்லிவிடு, அதுவரை நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தசரா முதலில், தீபாவளி பிறகு, அதற்கும் பிறகு செலக்‌ஷன்.

"அப்பா, செலக்‌ஷனுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?"

"சாப்பிட்டியா?" என்றார்.

"தெரியுமா தெரியாதா?"

"யார்கிட்டயும் சொல்லாதம்மா. பொங்கலுக்குள்ள சரி பண்ணிடுவேன்."

என்னை அம்மா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. இல்லாவிட்டால் பெயர், கோபம் வந்தால் கழுதை. அன்று அந்த ‘அம்மா’வைக் கேட்டதும் கணக்கு நோட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். வெளியே வந்து மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அடித்த சுண்ணாம்பு அப்படியே பளிச்சென்று இருந்தது. வைதிருந்தால், அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். என்னை உட்கார வைத்து, சாப்பாடு பரிமாறி, கண்ணைப் பார்த்துப் பொய் சொல்லியிருந்தார். அதை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்பா எழுந்து, இந்த வருஷம் போட்டி இல்லை என்று ஒரே வரியில் சொன்னார். கடிதம் எப்போது வந்தது என்பதை அவரும் சொல்லவில்லை, கார்பெண்டர் மாமாவும் கேட்கவில்லை. இந்த வருஷம் இல்லை என்றால் அடுத்த வருஷம் உண்டு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமும் இல்லை, அதற்கடுத்த வருஷமும் இல்லை. நகரத்தின் மறுகோடியில் குளுகுளு உள்ளரங்கம் வரப்போகிறது, சர்வதேசப் போட்டி எல்லாம் இனி அங்கேதான் என்று பேச்சு வந்தது. நம் மைதானத்தில் முதலில் ஸ்கூட்டர் நிறுத்தினார்கள், பிறகு கார். எட்டு பலகையையும் மாமா ஒரு பொங்கலன்று வெந்நீர் அடுப்பில் வைத்து எரித்தார். தேக்கு நன்றாக நின்று எரிந்தது. எங்கள் அப்பாவைப் பார்த்தால் அதற்குப் பிறகு அவர் அண்ணாவும் சொல்லவில்லை, செகரட்டரி சாரும் சொல்லவில்லை.

அப்பா இப்போது என்னோடு சைனிக்புரியில் இருக்கிறார். போன வருஷம் ஒருநாள் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது கேட்டேவிட்டேன். போட்டியை மறைத்தீர்கள், சரி. எங்களை ஏன் செலக்‌ஷனுக்குப் போக விடவில்லை? கையெழுத்துத்தானே?

மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"செலக்டருங்க இங்கயே வர்றாங்கன்னு சொல்லிக்கினு இருக்கறப்ப செகரட்டரி பொண்ணே அங்க போயி நின்னா, போட்டி நடக்காதுன்னு நானே ஊருக்குச் சொன்னாப்புல ஆயிடும் இல்ல?" என்றார்.

இதுதான் காரணம். இதற்காகத்தான். அப்பாவுக்கு அந்த மூன்று மாத ராஜா வேஷத்தைக் கலைக்க மனசில்லை, வேறொன்றுமில்லை. அவரும் ஏமாந்தவர்தான், கம்பெனிகளின் வாசலில் ஃபைலோடு நின்றவர்தான் என்று எனக்கு இப்போது தெரிகிறது. தெரிந்தும் மனசு இளகவில்லை. மாத்திரையை விழுங்கச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

இங்கேயே முடித்திருப்பேன். முந்தாநாள் குரூப்பில் இடதுகைக்காரி ஒன்று எழுதினாள், பார்த்திருப்பீர்கள். "போட்டி நின்னதுதான் என் தலையெழுத்து. யாரைக் குத்தம் சொல்றது, அங்கிள் பாவம், அவருக்கே கடைசி நிமிஷம் வரைக்கும் தெரியாது." கீழே நீங்கள் எல்லாரும் வரிசையாக இதயம் போட்டிருந்தீர்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, துணிக்கடையில் நின்று, முழங்கால் தேய்ந்துபோனவள்.

ஆகையால் இதற்கு மேல் உங்களுக்கு அல்ல, அவளுக்கு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஒரு புதன்கிழமை இருந்தது. நான் அதைத் தாண்டி எழுதிவிட்டேன். அன்று பி.டி. சார் வகுப்புக்கு வந்து, போன தடவை விட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வாரங்கல்லில் இன்னொரு செலக்‌ஷன் இருக்கிறது, இதற்குத் தலைமை ஆசிரியர் கையெழுத்தே போதும், வெள்ளிக்கிழமைக்குள் ஃபாரம் வேண்டும் என்றார். இடைவேளையில் குழாயடியில் நீ என் பின்னால் வந்தாய். உன் கையில் அந்த மடித்த ஃபாரம் இருந்தது.

"நிஜமா சொல்லு. நாயனாவைக் கேட்டியா? நம்ம மேட்ச் இருக்குல்ல? இருந்தா நான் நக்கோ சொல்லிடறேன். இல்லன்னா அம்மா ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச்சு."

எனக்கு முந்தின நாள் சாயந்திரமே தெரியும். அப்பாவைக் காப்பாற்றத்தான் மறைத்தேன் என்று இத்தனை காலம் எனக்கே சொல்லிவந்தேன். முழுக்க அப்படியில்லை. வாரங்கல்லுக்குப் போயிருந்தால் உன்னை எடுத்திருப்பார்கள், என்னை எடுத்திருக்க மாட்டார்கள். நீ போய்விடுவாய், நான் அந்த மைதானத்தில் தனியாக நிற்பேன். அது எனக்குப் பொறுக்கவில்லை.

"இருக்கு" என்றேன். "முன் வரிசையில நாற்காலி போடறாங்க."

நீ ஃபாரத்தை என் எதிரிலேயே கிழித்து, குழாய்த் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு என் தோளில் கை போட்டாய். இதை உனக்கு மட்டும் தனியாக அனுப்பலாம் என்று நினைத்தேன். அதுவும் ஒளித்து வைப்பதுதான். அங்கிளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.